இடுப்பு எலும்பு முறிவா? அட்வான்ஸ் கட்டும் முன் இதைக் கேளுங்கள்

வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

போன ஆவணியில் அம்மா (74) பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். தூக்கிப் படுக்க வைத்தபோது வலது கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டில் பொருந்தும் பந்துக்குக் கீழே உள்ள பகுதி) முறிந்திருக்கிறது, பாதி மூட்டு, அதாவது அந்தப் பந்தை மட்டும், மாற்றணும் என்றார்கள். அட்வான்ஸ் கட்டினோம்.

அதோடு சரி. காலில் பட்டை சுற்றி, கட்டில் நுனியில் மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டார்கள். ஆபரேஷன் எப்போது என்று கேட்டால், "சுகர் இறங்கட்டும்." சார்ட்டை வாங்கிப் பார்த்தேன், இரண்டாம் நாள் காலையிலேயே 160க்கு இறங்கியிருந்தது. நான்காம் நாள் ராத்திரி ஒரு நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னார்: "ஆபரேஷன் பண்ற டாக்டர் வெளியூர்ண்ணா, சனிக்கிழமைதான் வருவார்."

அன்றைக்குத்தான் அம்மாவை ஒருக்களித்துப் பார்த்தேன். வால் எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, ஓரமெல்லாம் ஈரம். "அசைக்காதீங்க" என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

வயதானவர்களுக்கு இந்த முறிவில் படுக்கையே எமன். படுக்கைப்புண், சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அட்மிட் ஆன அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்யச் சொல்லி பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டி 2011லேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு நடந்தது ஆறாம் நாள்.

ஆபரேஷன் முடிந்தும் விடவில்லை. ஒன்றரை மாதம் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள். புண்ணுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது பிசியோதெரபிஸ்ட் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டு, "சிமென்ட் வச்சுப் பொருத்தியிருக்காங்களே, மறுநாளே நிக்க வச்சிருக்கலாமே" என்றார். அன்றே வாக்கரைப் பிடித்து அம்மா நான்கு அடி வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: யார் ஆபரேஷன் செய்வார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? நாளைக்குள் முடியாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் ஆம்புலன்ஸ் வைத்து வேறிடம் கூட்டிப் போய்விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்ன மருந்து என்றும் கேளுங்கள். எங்கள் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தப் புண் ஆற கார்த்திகை ஆகிவிட்டது.