பேஸ்டா, கொலோடியனா? விடியும் வரை தாங்குவது எது

தூக்க ஆய்வுக்குத் தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு (மூளை அலையைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம்) எதுவும் ராத்திரி பத்து மணிக்கு அழகாகத்தான் சிக்னல் தரும். நான் பார்ப்பது மூன்று மணிக்கு. நோயாளி புரண்டு, வியர்த்து, ஒருமுறை பாத்ரூம் போய் வந்து படுத்த பிறகும் கோடு சுத்தமாக ஓடுகிறதா? தூக்க ஆய்வுக் கருவிகளை அப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

தலையில் ஒட்டுவதற்குக் கொலோடியன் என்கிற திரவப் பசை கெட்டி. ஒட்டினால் அசையாது. ஆனால் ஈதர் நெடி, காற்றடித்துக் காயவைக்கும் நேரம், காலையில் அசிட்டோன் போட்டு எடுக்கும் பாடு எல்லாம் கூடவே வரும். சட்டென்று தீப்பற்றும் பொருள் வேறு. ஆக்சிஜன் ஓடும் அறையில் நான் அதைத் தொடமாட்டேன். பல நாள் எடுக்கும் இ.இ.ஜி.க்கு (மூளை அலைப் பதிவு) அது சரி. ஒரே இரவுக்கு என் தேர்வு, சிக்னலைக் கடத்தும் பேஸ்ட்தான்.

பேஸ்ட் நிற்பதும் விழுவதும் அதற்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடுதான் பலர் வருவார்கள். அதனால் முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். முடியை வகிர்ந்து, தேய்ப்பு ஜெல்லை அந்த ஒரு புள்ளியில் மட்டும் தேயுங்கள். கிண்ணம் நிறையப் பேஸ்ட், மேலே சின்னத் துணித்துண்டு, ஓர் அழுத்து. இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குள் வரும்வரை விளக்கை அணைக்க வேண்டாம். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். வியர்வையால் வரும் மெதுவான அலை, ஆழ்ந்த தூக்கத்தின் டெல்டா அலை போலவே ஏமாற்றும்.

மூக்குக்குத் தெர்மிஸ்டரா (மூச்சுக்காற்றின் சூட்டை அளப்பது), பிரஷர் கேனுலாவா (அதன் அழுத்தத்தை அளக்கும் குழாய்) என்று கேட்டால் இரண்டும் வேண்டும். மூச்சு அடியோடு நிற்பதைத் தெர்மிஸ்டர் காட்டும், குறைவதைக் கேனுலா காட்டும். வாயால் மூச்சுவிடுகிறவரிடம் கேனுலாவை மட்டும் நம்பினால், மூச்சு ஓடும்போதே நின்றுவிட்டதாகத் தெரியும். தெர்மிஸ்டர் முனை தோலில் படக்கூடாது. பட்டால் உடல் சூட்டையே பிடித்துக்கொண்டு கோடு தட்டையாகிவிடும்.

மூச்சசைவை அளக்க மார்பிலும் வயிற்றிலும் கட்டும் பெல்ட்டில் எனக்கு யோசனையே இல்லை, உடலைச் சுற்றி முழுவதும் அளக்கும் ரிப் (RIP) பெல்ட்தான். பீசோ பெல்ட் விலை குறைவுதான். ஆனால் ஓரிடத்து இழுவையை மட்டுமே அளக்கிறது. ஆள் திரும்பிப் படுத்ததும் அளவு மாறிவிடும்.

அப்புறம் நடுராத்திரிக் கேள்வி: சிக்னலில் கரன்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறினால், அதை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போடுவதா, எழுந்து போய் ஒயரைப் பார்ப்பதா? ஃபில்டர் இரைச்சலை மறைக்கும், கழன்ற எலக்ட்ரோடை ஒட்டாது. தலையின் வலப்பக்க எலக்ட்ரோடுகளான F4, C4, O2 மூன்றிலும் ஒரே இரைச்சல் ஒன்றாக வந்தால் தலையைத் தடவிப் பார்க்கவே வேண்டாம். அந்த மூன்றையும் எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ, இடது காதுக்குப் பின்னால் இருக்கும் அந்த M1 கழன்றிருக்கிறது. வலது காதுக்குப் பின்னால் இருக்கும் M2வோடு சேர்ந்த இடப்பக்க F3, C3, O1 நன்றாக ஓடினால் அவரை எழுப்பாமல் விடுங்கள், அவராகத் திரும்பும்போது போய் ஒட்டிக்கொள்ளலாம். அவையும் கெட்டால் உடனே உள்ளே போகவேண்டியதுதான். போகும்போது துணித்துண்டில் பேஸ்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அறை விளக்கைப் போடாதீர்கள்.