8½ அங்குலத் துளையில் எல்டபிள்யூடி: நாள்படப் பயன்படுத்தியதில் தெரிந்தவை

எண்ணெய்க் கிணற்றில் துளையிட்டபடியே பாறையை அளக்கும் எல்டபிள்யூடி (logging while drilling) கருவிகளில், 8½ அங்குலத் துளைக்கு வழக்கமாக இறங்குவது 6¾ அங்குலக் காலர் (சென்சார் பொதிந்த தடித்த குழாய்) செட்: காமா (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு), ரெசிஸ்டிவிட்டி (மின்தடை), டென்சிட்டி (அடர்த்தி), நியூட்ரான் (நுண்துளை அளவு). சென்சார் கெட்டு லாக் (ஆழவாரி அளவீட்டுப் பதிவு) போவதைவிட, ஆழக் கணக்காலும் துளையில் சுழலும் சேற்றாலும் போவதுதான் அதிகம்.

டிராவொர்க்ஸ் (தூக்கும் வின்ச்) என்கோடர், பைப்பைத் தாங்கும் பிளாக் எவ்வளவு இறங்கியது என்று மட்டுமே சொல்லும். பைப் ஸ்லிப்ஸில் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு) உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஹூக்லோடை (கொக்கியில் தொங்கும் எடை) வைத்துத்தான் மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்த வரம்பைத் தப்பாக வைத்தால், புதுப் பைப் பூட்டும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஆழம் கொஞ்சம் நழுவும். ஸ்டாண்டுக்கு (சேர்த்துப் பூட்டிய சில பைப்புகள்) ஒருமுறை பைப் டாலியோடு (பைப் நீளப் பட்டியல்) ஒப்பிட்டுத் திருத்துங்கள். சேர்த்துவைத்துத் திருத்தினால் லாக்கில் இடைவெளியோ மடிப்போ விழும்.

சேற்றின் அழுத்தத் துடிப்பு வழியே மேலே வருவது விநாடிக்குச் சில பிட்தான். 20 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால், மணிக்கு 30 மீட்டர் வேகத்தில் 17 செ.மீ.க்கு ஒன்று கிடைக்கும், போதும். டிரில்லர் 60-க்கு ஏற்றினால் 33 செ.மீ. ஆகிவிடும், மெல்லிய மணல் அடுக்கு தப்பிவிடும். கருவியின் மெமரியில் அது இருக்கும்தான். கருவி மேலே வந்தபின் கிடைத்து ஜியோஸ்டீயரிங்குக்கு (அளவீட்டைப் பார்த்துத் துளையின் திசையைத் திருப்புவது) என்ன பயன்?

சிக்னல் போனதும் கருவியைத் திட்டுவார்கள். முதலில் பம்ப்பைப் பாருங்கள். பம்ப்பின் துடிப்பைத் தணிக்கும் டாம்ப்னரில் நைட்ரஜன் அழுத்தம் குறைந்திருந்தால் பிஸ்டன் துடிப்பு சிக்னலை விழுங்கிவிடும். எஸ்பிஎம்மைச் (பம்ப் நிமிடத்துக்கு அடிக்கும் வீச்சு) சற்று மாற்றினாலே பல நேரம் டீகோட் ஆகும். அடுத்த சந்தேகம், சேறு இழப்பை அடைக்கப் போட்ட கரடான நட்ஷெல் (கொட்டை ஓட்டுத் துகள்), பைப்புக்குள் உரியும் துரு. டிரில் பைப் ஸ்கிரீன் (வடிகட்டி) போடச் சோம்பல்படும் ரிக்கில் பல்சர் (துடிப்பை எழுப்பும் வால்வு) அடைபடத்தான் செய்யும்.

கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) சேற்றின் பொட்டாசியம் காமாவை ஏற்றிவிடும். சுத்தமான மணற்கல்லும் களிமண் கலந்ததாகத் தெரியும். சேற்றில் பேரைட் (எடையேற்றும் கனிமம்) இருந்தால் பிஇ (பாறை வகையைக் காட்டும் ஒளிமின் அளவு) வளைகோட்டை மறந்துவிடலாம். துளை அகன்ற இடத்தில் சராசரி டென்சிட்டி குறைவாகக் காட்டும். சாய்ந்த கிணற்றில் கருவி படுத்திருக்கும் கீழ்ப்பக்க டென்சிட்டியையே எடுங்கள். செட்டில் ரெசிஸ்டிவிட்டிதான் உறுதி. 2 மெகாஹெர்ட்ஸ், 400 கிலோஹெர்ட்ஸ் அலைகள் எண்ணெய்ச் சேற்றிலும் வேலை செய்யும். ஆனால் அடுக்கின் எல்லையைக் கிணறு வெகு சாய்வாகக் கடக்கும்போது ரெசிஸ்டிவிட்டி வளைகோட்டில் எழும் கொம்பை (கூர்முனை) எண்ணெய் என்று கொண்டாட வேண்டாம்.

சீசியம்-137, அமெரிசியம்-பெரிலியம் கதிரியக்க மூலங்களோடு கருவி சிக்கி, மீட்கவும் முடியாவிட்டால், நிறமேற்றிய சிமென்ட் இட்டு அந்தப் பகுதியையே கைவிட நேரும். துளை இறுகும் பகுதிக்குக் காமாவும் ரெசிஸ்டிவிட்டியும் போதும். டென்சிட்டி வேண்டியே ஆக வேண்டுமென்றால், மூலத்தை வயர்லைனில் (கம்பிவடத்தில்) தனியே எடுக்கக்கூடிய மாடலா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.