லாங் டெயிலா, அவுட்போர்டா? படகு என்ஜினின் சத்தமும் பாதுகாப்பும்

சென்னைக் கடற்கரையில் பைபர் படகுக்கு என்ஜின் வாங்கப் போனால் பேச்சு விலையிலும் எண்ணெய்ச் செலவிலும் முடிந்துவிடுகிறது. எவ்வளவு இரையும், ஆள் விழுந்தால் எப்படி நிற்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது அவுட்போர்டு. நீண்ட தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுழல்வது லாங் டெயில். சத்தத்தில் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுக்கே வெற்றி. அதன் புகை பெரும்பாலும் புரொப்பல்லர் நடுவழியாகத் தண்ணீருக்குள் போவதால் கடலே சத்தத்தை விழுங்கிவிடும். லாங் டெயில் டீசலில் புகைக்குழாய் ஓட்டுபவர் பக்கத்திலேயே வெடித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு, சத்தம் 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். கூடும் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் 1 மணி நேரம்தான். விடியுமுன் கிளம்பி மதியம் கரையேறுகிறவர் காது என்னாவது? இழுவை கூடும் என்று சைலன்சரைக் கழற்றுவது வேண்டாம். அளவு பொருந்திய சைலன்சரால் குறையும் இழுவை சொற்பம், கெடும் காது திரும்பாது.

தீ விஷயத்தில் டீசல் முந்துகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அவுட்போர்டு வைத்தால் டேங்கைப் பலகைக்கு அடியில் மூடி வைக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும்.

நிறுத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவுட்போர்டில் கில் சுவிட்ச் கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ மாட்டினால், ஆள் விழுந்ததும் ஸ்பார்க் அறுந்து என்ஜின் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரலாம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இந்தக் கயிற்றை மாட்டுவது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது, அதனால் வெறும் சுவிட்ச் மாட்டிப் பயனில்லை. டீசல் வரத்தை அடைக்கும் ஸ்டாப் லீவரைக் கயிறு இழுக்கும்படி மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

காசிமேட்டு லாஞ்ச் போல என்ஜின் படகுக்கு உள்ளேயே இருக்கும் இன்போர்டுகளில் புகையோடு கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் முறை சத்தத்தையும் சூட்டையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் கூவம், அடையாறு முகத்துவாரப் பக்கம் மிதக்கும் பிளாஸ்டிக் பை நீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் ரப்பர் குழாய் கருகும். சூடு ஏறினால் அலறும் அலாரம் இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

என் தேர்வு இதுதான். முட்டுக்காடு உப்பங்கழியில் ஆட்களை ஏற்றும் படகுக்கு நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் தொழிலுக்குப் போகிறவருக்குச் சைலன்சரும் ஸ்டாப் கயிறும் உள்ள டீசல், சுழலும் பெல்ட்டுக்கு மூடி போட்டு.

அப்புறம், தீயணைப்பான். திறந்த படகில் கார்பன் டை ஆக்சைடு காற்றில் பறந்துவிடும், உலர் பொடி வாங்குங்கள். என்ஜினை ஒட்டி மாட்டினால் தீப்பிடித்த நேரத்தில் கை போகாது. அணியம், அதாவது படகின் முன்முனைப் பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள்.