உறையாத ஊருக்கு ஆன்டிஃப்ரீஸ்: ராமநாதபுரம் கடற்கரை வண்டிகளுக்கு எந்தக் கூலன்ட்?

மார்கழி விடியலில்கூட பாம்பனில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ரேடியேட்டர் தண்ணி உறைய வழியே இல்லை. ஆனாலும் ஸ்பேர்ஸ் கடைத் தட்டில் நிற்கும் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கேன்களில் பலவற்றில் 'ஆன்டிஃப்ரீஸ்', அதாவது உறையாமல் தடுப்பது, என்று அச்சடித்திருக்கும். "அது காஷ்மீர்க்காரனுக்குப்பா, நமக்குப் போர் தண்ணியே போதும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உச்சிப்புளியிலும் உண்டு, தொண்டியிலும் உண்டு. அவர்கள் சொல்வதில் முன்பாதி சரி. பின்பாதிதான் வாட்டர் பம்பையும் ஹெட் கேஸ்கட்டையும் தின்கிறது.

கேனுக்குள் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அதோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கொஞ்சம், சாயம் கொஞ்சம். நமக்கு முக்கியம் அந்த மருந்துதான். அது கிளைக்காலில் கரைந்தே வருவதால், கூலன்ட்டைக் குறைத்து ஊற்றினால் மருந்தும் அதே அளவு குறையும். உறைபனியே காணாத ஊருக்கும் 30 முதல் 33 சதவீதத்துக்குக் கீழே போகாதே என்று வண்டிக் கையேடுகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட், அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ், பெயர் தெரியாத கேனில் வரும் பச்சைத் தண்ணி. மூன்றையும் எடைபோடுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கரையில் கூலன்ட் கெடுவதற்குக் கூலன்ட்டைவிடத் தண்ணீரே பெரிய காரணம்.

கனரக இன்ஜின்களுக்கு கேட்டர்பில்லர் நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தண்ணீர் அளவுகோல் இது: லிட்டருக்கு குளோரைடு 40 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, சல்பேட் 100, கடினத்தன்மை 170, கரைந்த திடப்பொருள் மொத்தம் 340. இந்த 40 எவ்வளவு சின்ன எண் என்பது ஒரு கணக்குப் போட்டால் புரியும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 5 லிட்டர் நல்ல தண்ணீரில் 10 மில்லி கடல் தண்ணீர், அதாவது இரண்டு தேக்கரண்டி விழுந்தாலே லிட்டருக்கு 38 ஆகிவிடும். வரம்பு அத்தோடு முடிந்தது. தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடிப் பக்கத்துச் சவர்க் கிணற்றையும் போர் தண்ணியையும் எந்தக் கணக்கில் வைப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குளோரைடு அலுமினியத்தின் மேலே இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைத்து ஊசித் துளை போடும். ரேடியேட்டர் குழாய், ஹெட், தெர்மோஸ்டாட் கூடு என்று மெல்லிய அலுமினியம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்கு வேலை.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. ஜப்பானிய வண்டிகளுக்கென்று வரும் கூலன்ட்டுகளில் பாஸ்பேட் உண்டு. அது கெட்ட பொருள் அல்ல; வாட்டர் பம்பையும் அலுமினியத்தையும் நன்றாகக் காக்கும். ஆனால் கடினத் தண்ணீரோடு சேர்ந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் படிவமாக இறங்கும். மருந்தும் வீண், குழாயிலும் அடைப்பு. இந்த வகையைப் போர் தண்ணியில் கலந்துவிட்டு "கம்பெனி கூலன்ட் ஊற்றியும் சூடாகுதே" என்று கம்பெனியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஆகவே ஊற்ற வேண்டியது பேட்டரி தண்ணி, அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். 5 லிட்டர் கேன் எந்த பேட்டரி கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில், அதே மாதிரிக் கேனில் இருக்கும். லேபிளைப் படிக்காமல் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் தண்ணி? கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரை அதில் முக்குங்கள். 40-க்குக் கீழே காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம், மொத்த உப்பே 40-க்குள் என்றால் குளோரைடு மட்டும் தனியாக அதைத் தாண்ட முடியாது. 150, 200 என்று காட்டினால் அது குடிக்க மட்டும். ஆர்.ஓ. மெம்பிரேன் பழசானால் அதே கடையின் கேனே மாதத்துக்கு மாதம் எண் மாறும், அதனால் ஒருமுறை பார்த்தோம் என்று விட்டுவிடக் கூடாது.

இனி கான்சன்ட்ரேட்டும் ரெடிமிக்ஸும். ரெடிமிக்ஸில் கலக்கும் வேலை இல்லை, தண்ணீர்த் தொல்லை இல்லை, பல பிராண்டுகள் பாதிக்குப் பாதி தொழிற்சாலையிலேயே கலந்து வருகின்றன. ரிசர்வாயரில் அளவு குறைந்தால் டாப்-அப் செய்ய இதைவிட நல்லது கிடையாது. வண்டியில் அரை லிட்டர் கிடக்கட்டும். ஆனால் முழுசாக மாற்றும்போது ரெடிமிக்ஸ் ஏமாற்றிவிடும். 6 லிட்டர் பிடிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் அடிக் குழாயைத் திறந்தால் 3.8 லிட்டர்தான் இறங்கும். மீதி 2.2 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் சுருளிலும் நிற்கும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் அந்த 2.2 லிட்டரும் வெறும் தண்ணீர். இப்போது 3.8 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் உள்ளே போன கிளைக்கால் 1.9 லிட்டர், 6 லிட்டரில் அது 32 சதவீதம்கூட முழுசாக வராது. லேபிளில் 50, வண்டியில் 32.

கான்சன்ட்ரேட்டில் இந்த இழப்பு இல்லை. மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது 3 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதி 0.8 லிட்டர் பேட்டரி தண்ணி விட்டு நிரப்பினால் சரியாக 50. 40 போதும் என்றால் 2.4 லிட்டர் கான்சன்ட்ரேட், 1.4 லிட்டர் தண்ணி. முதலில் கூலன்ட், பிறகு தண்ணி. மாற்றி ஊற்றினால் ரேடியேட்டர் நிறைந்துவிடும், கூலன்ட் கையில் நிற்கும்.

விலையில் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். கான்சன்ட்ரேட் லிட்டர் 350 ரூபாய், பேட்டரி தண்ணி லிட்டர் 25 ரூபாய் என்று வைத்தால் பாதிக்குப் பாதிக் கரைசல் லிட்டர் 187 ரூபாய் சொச்சம் ஆகிறது. ரெடிமிக்ஸ் விலையை இதோடுதான் ஒப்பிட வேண்டும், கான்சன்ட்ரேட் கேன் விலையோடு அல்ல. கான்சன்ட்ரேட்டுக்கு மதிப்பெண் கூடுவது காசுக்காக இல்லை, அளவு நம் கையில் இருப்பதற்காக.

லேபிளில் ஒரு கண்ணி இருக்கிறது. '1:3' என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று படித்துவிடுகிறார்கள். ஒரு பங்கு கூலன்ட்டுக்கு மூன்று பங்கு தண்ணி, ஆக மொத்தம் நான்கு பங்கு, 25 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் 1:2. அந்த விகிதத்துக்கென்றே மருந்தைக் கூட்டிச் செய்த சரக்காக இருந்தால் ஒழிய, 1:3 என்பது இந்தக் கரைக்குக் குறைவு. எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது. "நல்ல பொருள்தானே, முழுசா ஊத்து" என்று கான்சன்ட்ரேட்டை மட்டுமே நிரப்புவது. கிளைக்கால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது, கெட்டியாகவும் ஓடும். இன்ஜின் இன்னும் சூடாகும். வேடிக்கை என்னவென்றால், உறைவதிலும் அது தோற்றுவிடும்: பாதிக்குப் பாதி மைனஸ் 37 வரை தாங்கும், தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையும். கையேடு குறிப்பிட்ட ஒரு விகிதம் சொன்னால் அதுதான். சொல்லாவிட்டால் நம் வெயிலுக்கும் உப்புக்கும் 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

கொதிநிலைக்காகத்தான் கூலன்ட் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பாதிக்குப் பாதிக் கரைசல் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 108 டிகிரியில் கொதிக்கும்; வெறும் தண்ணியைவிட 8 டிகிரிதான் கூடுதல். ரேடியேட்டர் மூடியோ, 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் நல்ல மூடியாக இருந்தால், தனியாளாக 20 டிகிரி ஏற்றிவிடும். ரப்பர் வெடித்த, ஸ்பிரிங் துருப்பிடித்த மூடியைப் போட்டுக்கொண்டு விலையுயர்ந்த கூலன்ட் வாங்குவது வீண் செலவு. பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

கூலன்ட்டில் கிளைக்கால் எத்தனை சதவீதம் என்று அளக்க, ஒரு சொட்டு விட்டு உள்ளே கோட்டைப் பார்க்கும் கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாம். நாலு வண்டி வைத்திருக்கும் டிராவல்ஸ்காரர், ஐஸ் போட்டு மீன் ஏற்றும் வேன் ஓட்டுபவர் யாருக்கும் இது காசுக்குத் தகும். வாங்கும்போது எத்திலீன் கிளைக்கால் என்ற அளவுகோடு உள்ளதா என்று பாருங்கள். சர்க்கரை அளக்கும் மாடலைத் தலையில் கட்டிவிடுவார்கள். உள்ளே பார்த்தால் மூன்று நான்கு கோடுகள் இருக்கும்: எத்திலீன், புரோப்பிலீன், பேட்டரி ஆசிட், கண்ணாடி கழுவும் நீர். தப்பான கோட்டைப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முதலில் ஒரு சொட்டு பேட்டரி தண்ணி விட்டுப் பூச்சியத்துக்குத் திருகுங்கள், துடைத்துவிட்டு ஆறிய கூலன்ட் ஒரு சொட்டு விடுங்கள். உள்ளே தெரிவது உறைநிலை எண்; நீலமும் வெள்ளையும் சேரும் எல்லை மைனஸ் 16-ல் நின்றால் 30 சதவீதம், மைனஸ் 24 என்றால் 40, மைனஸ் 37 என்றால் 50. இதில் நம் ஊருக்கு மட்டும் ஒரு குறை. பெரும்பாலான கருவிகளின் தானியங்கி வெப்பத் திருத்தம் 10 முதல் 30 டிகிரி வரைதான். சித்திரை மத்தியானத்தில், ஷெட் தகரத்துக்குக் கீழே அளந்தால் எண் தப்பும். காலை 7 மணிக்கு அளந்துவிடுங்கள். மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதை இந்தக் கருவி சொல்லாது. அதற்கு, ஊற்றிய நாளிலிருந்து எண்ணும் மாற்றுக் கெடுதான் கணக்கு. பழைய வகைக்கு வழக்கமாக 2 வருடம், நீண்டகால வகைக்கு 5.

அளவு குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். 6 லிட்டரில் 30 சதவீதம் இருக்கிறது, 45 வேண்டும்: வேண்டியதிலிருந்து இருப்பதைக் கழித்தால் 15, நூறிலிருந்து இருப்பதைக் கழித்தால் 70. 15-ஐ 70-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 1.3 லிட்டர் சுமார். அவ்வளவை இறக்கிவிட்டு அதே அளவு கான்சன்ட்ரேட் ஊற்றினால் போதும்.

பச்சைத் தண்ணியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நிறம் எந்தத் தரத்தையும் குறிக்காது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி இஷ்டம். கேனில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி 3306 என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், வண்டிக் கையேடு சொல்லும் வகையோடு அது பொருந்த வேண்டும். எதுவும் இல்லாத கேனில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பாருங்கள். எல்லை பூச்சியத்துக்கு அருகில் நின்றால் சாயம் போட்ட தண்ணிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

மாற்றும் முறையில் நம் ஊருக்கென்று மாற வேண்டிய படி ஒன்றே ஒன்று: கடைசி அலசல். முதல் இரண்டு அலசலுக்குக் குழாய்த் தண்ணி பரவாயில்லை, கடைசி அலசல் கட்டாயம் பேட்டரி தண்ணியில்தான். இல்லாவிட்டால் பிளாக்கில் தங்கும் அந்த 2.2 லிட்டரும் உப்பாகவே இருக்கும். மற்றபடி வழக்கம்போல: இன்ஜின் முழுக்க ஆறிய பின் மூடியைத் திறப்பது, ஹீட்டரை முழுச் சூட்டில் வைப்பது, மெதுவாக ஊற்றி மேல் ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது, காற்றுத் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்து வைப்பது, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுவது, மறுநாள் காலை அளவைப் பார்ப்பது. சூடாகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இன்ஜின் வேலைச்சூட்டுக்கே வராமல் டீசல் தின்னும், சூடாவதற்கான நிஜக் காரணமும் மறைந்துகொள்ளும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தினம் போய்வரும் வண்டிகளில் அந்தக் காரணம் பல நேரம் வெளியே இருக்கும்: ரேடியேட்டர் தகடுகளில் உப்பும் மணலும் அப்பியிருக்கும். நல்ல தண்ணியால், அழுத்தம் குறைவாக, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும்.

இறக்கிய பழைய கூலன்ட் இனிக்கும், நாயும் ஆடும் நக்கிவிட்டுச் சாகும். திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள், ஊரணிப் பக்கம் கொட்டாதீர்கள். மூடிய கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள், ஆயிலோடு கலக்காமல்.

விசைப்படகுக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான், ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இன்ஜினாக இருந்தால். உள்சுற்றில் கூலன்ட், வெளிச்சுற்றில் கடல் தண்ணி, நடுவில் மெல்லிய குழாய்ச் சுவர். அந்தச் சுவரில் ஊசித் துளை விழுந்தால் ஹெடர் டேங்கில் (இன்ஜினுக்கு மேலே இருக்கும் கூலன்ட் தொட்டி) அளவு காரணமில்லாமல் குறையும், அல்லது கூடும். டி.டி.எஸ். மீட்டரைக் கூலன்ட்டில் முக்கிப் பயனில்லை, மருந்தே உப்புதான், எண் தாறுமாறாகக் காட்டும். குளோரைடு பார்க்கும் பட்டை தனியாகக் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போதே எக்ஸ்சேஞ்சரின் குழாய்க் கொத்தை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்து, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று வைத்த துத்தநாகக் கட்டை பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றி, பிறகுதான் புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும். துளையை அடைக்காமல் ஊற்றிய கூலன்ட் முதல் நடையிலேயே கடலுக்குப் போய்விடும்.