கொல்லையில் மின்கேபிள் புதைக்க: கவசக் கேபிளா, பிவிசி குழாயா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோழிக்கொட்டகைக்கு விளக்கு இழுக்க நினைப்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

செலவு: குழாய் மலிவு. கவசக் கேபிள் விலை கூட.

நீடித்து உழைப்பது: மண்வெட்டியும் எலியும்தான் எதிரி. எஃகுக் கம்பி சுற்றிய கவசம் எலிப் பல்லைத் தாங்கும், மண்வெட்டியையும் ஓரளவு தாங்கும். ஆனால் கவசத்துக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும். குழாயிலோ நம் ஊர் மழைக்குத் தண்ணீர் இறங்கித் தேங்கும். சாதாரண வீட்டு வயரை அதற்குள் போடாதீர்கள், ஈரம் தாங்கும் கேபிள் வேண்டும்.

வசதி: குழாயில் பிறகு வயரை மாற்றலாம். கவசக் கேபிள் என்றால் மறுபடி தோண்டணும்.

வாழையும் மரவள்ளியும் நடும் கொல்லைக்குக் கவசக் கேபிள். சிமெண்டு முற்றத்துக்குக் குழாய் போதும். எதுவானாலும் இரண்டடி ஆழம், மேலே எச்சரிக்கை நாடா, 30 மில்லியாம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி). இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.