தூளிக்குப் பக்கத்தில் நைட் ஷிஃப்ட்: 20 மாதம், 4 ஹெட்போன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த 20 மாதத்தில் ஹெட்போன் செய்த கோளாறால் என் மகள் விழித்தது ஒரே ஒரு முறை. என் வாயால் விழித்ததற்குக் கணக்கே இல்லை. கடைக்குப் போகும் முன்பே இது தெரிந்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும்.

வேலை, அமெரிக்க மருத்துவ பில்லிங். சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரை வரை அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, க்ளெய்ம் ஏன் நிற்கிறது என்று கேட்க வேண்டும். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் குடியிருக்கிறோம். ஏசி இருப்பது ஒரே அறையில். அதனால் தூளியும் அங்கேதான், என் மேசையும் அங்கேதான். நடுவில் நாலடி. பார்க்க அழகான அறை; முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு. ஆனால் சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. பேனா மூடி விழுந்தாலும் அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கும்.

ஆரம்பத்தில் கையில் இருந்தது காதுக்குள் சொருகும் இயர்பட்ஸ். வெளியே சத்தம் துளியும் கசியாது. சிக்கல் வேறு மாதிரி வந்தது. மூன்றாம் நாளே, என் முதுகுக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருக்க, நான் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு காதில் மட்டும் மாட்டினேன். மகள் தவழ ஆரம்பித்த பிறகு அதுவும் முடிந்தது. கழன்று விழுந்த சிலிக்கோன் ரப்பரை ஒருநாள் அவள் வாய்க்குள்ளிருந்து எடுத்தேன். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, தொண்டையில் போய் அடைக்க அது போதும். குழந்தை தவழும் வீட்டில் இயர்பட்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

அடுத்தது எலும்பு வழி ஒலி கடத்தும் ரகம். கன்னத்து எலும்பில் உட்கார்ந்து அதிரும், காது திறந்தே இருக்கும். தூளிக் கயிறு முனகுவதுகூடக் கேட்டது; அந்த விஷயத்தில் குறையே இல்லை. ஆனால் ஏசி ஓடும்போது எதிர்முனையில் பேசுபவர் கிணற்றுக்குள் இருப்பது போலிருக்கும். சத்தத்தைக் கூட்டினால் கன்னம் கூசும், வெளியேயும் கசியும். ஒரு ராத்திரி ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தூளிக்குக் கீழே மனைவியைப் படுக்க வைத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். முக்கால் அளவில் வைத்ததும் கை உயர்ந்தது. "கொசு மாதிரி இருக்கு" என்றாள். நீங்கள் எதை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஃபேன் ஓடும்போது செய்தால் பயனில்லை. கரண்ட் போன நிசப்தத்தில்தான் எல்லாக் கசிவும் தெரியும்.

அப்புறம் வந்தது காதை முழுக்க மூடும் நாய்ஸ் கேன்சலிங். காசும் அதிகம், ஆசையும் அதிகம். வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கும் வேலை அது. ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடும் சத்தத்தை நன்றாக அழிக்கும். குழந்தை அழுகை சுருதி ஏறியது, நொடிக்கு நொடி மாறுவது. அதை அந்த அளவுக்கு அழிக்காது, ஆனால் காதை மூடும் மெத்தை மங்கலாக்கிவிடும். பெட்டியில் ஈஎன்சி என்று போட்டிருந்தால் அது வேறு. அது உங்கள் பக்கத்துச் சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் பார்ப்பது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள்.

இதில்தான் வாய் விவகாரம் வெளிவந்தது. இரண்டு காதும் அடைபட்டால் நம் குரல் நமக்கு மந்தமாகக் கேட்கும். தெரியாமலே உயர்த்திப் பேசுவோம். நோயாளி பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வது என் வேலையில் தினப்படி: பி ஃபார் பாய், டி ஃபார் டாக். வெளியே படுத்திருந்த அம்மா காலையில் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு என்னப்பா, நாயக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க?" ஆனானப்பட்ட ஹெட்போன் வாங்கியும் குழந்தை ஏன் விழிக்கிறது என்று அதுவரை நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்போன் கோளாறு என்று சொன்னேனே, அதுவும் இந்த ரகத்தில்தான். சார்ஜ் தீர்ந்து ப்ளூடூத் அறுந்ததும் லேப்டாப் தன் சொந்த ஸ்பீக்கருக்குத் தாவியது. இன்சூரன்ஸ்காரர்களின் காத்திருப்பு இசை முழுச் சத்தத்தில் நான்கு சுவரிலும் அடித்தது. விண்டோஸ் ஒவ்வொரு கருவிக்கும் சத்த அளவைத் தனித்தனியாக நினைவில் வைக்கும். அதனால் லேப்டாப் ஸ்பீக்கரை முதலிலேயே ம்யூட் செய்துவிட்டு ஹெட்போனை இணையுங்கள். போகப் போகக் காது மெத்தையின் ரெக்ஸின் வியர்வையில் உரிந்து, கறுப்புச் செதில்களாகத் தரையில் உதிர ஆரம்பித்தது. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் அது நம் கண்ணுக்குத் தப்பும். குழந்தைக்குத் தப்புமா?

இப்போது ஆறு மாதமாக ஓடுவது யூஎஸ்பி வயர் வைத்த ஒற்றைக் காது ஹெட்செட், 1,800 ரூபாய். சென்னையில் வேலையில் சேர்ந்த முதல் நாள் கொடுத்த அதே ஜாதி. அதைக் கழற்றி எறியத்தான் இத்தனை செலவும் செய்தேன். ஒரு காது தூளிக்கு, ஒரு காது அமெரிக்காவுக்கு. மைக் உதட்டோரம் நிற்பதால் கிசுகிசுத்தாலும் போய்ச் சேருகிறது. இதில் சைட்டோன் இருக்கிறது. அதாவது நம் குரலைக் கொஞ்சம் நம் காதிலேயே போடும். பழைய லேண்ட்லைன் ரிசீவரில் இருந்த அதே ஏற்பாடு. தானாகவே குரல் இறங்கிவிடுகிறது. குறையும் உண்டு. மாட்டியிருக்கும் பக்கத்துக் காது நாலு மணி நேரத்தில் சூடேறும். இடைவேளையில் பக்கம் மாற்றிக்கொள்கிறேன். பாட்டு கேட்க லாயக்கில்லை. 80 டெசிபல் வரை வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. என் ஷிஃப்ட்டே அந்த மணிக்கணக்கைத் தாண்டுவதால் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை.

கூடவே மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஜமுக்காளம் தொங்கவிட்டேன். செலவில்லாத அந்த வேலை என்னவோ மூன்றாவது ஹெட்போனைவிட அதிகம் உதவியது. முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா ஒலிபெருக்கிக்கு அசையாமல் தூங்கிய குழந்தை, பை ஜிப்பைத் திறந்தால் விழிப்பது ஏன் என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

பழைய மூன்றும் மாடக்குழியில் இருக்கின்றன, அவள் கைக்கு எட்டாத உயரத்தில். நேற்று அந்தப் பக்கமாக முக்காலியை இழுத்துக்கொண்டு போனாள்.