விண்டெலோவ் ஜாவா பெரணி: சட்டிச் செடியா, திசு வளர்ப்புக் கப்பா?

மீன்தொட்டியில் செடி வளர்க்கத் தொடங்குவோருக்கு நான் தயங்காமல் சொல்வது ஜாவா பெரணி. அதிலும் இலை நுனிகள் பூவேலை போலப் பிளந்து விரியும் விண்டெலோவ் வகை. டென்மார்க்கின் டிராபிகா நிறுவனத்தைத் தொடங்கிய ஹோல்கர் விண்டெலோவின் பெயர் கொண்ட இந்த வகை, வலைச்சட்டியில் வளர்ந்த செடியாகவும், செடியின் சிறு திசுவிலிருந்து கிருமியற்ற மூடிய கப்பில் ஜெல்லில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுகளாகவும் விற்கப்படுகிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்த்துப் பார்த்த அளவில், செடியைப் பெருக்க நினைப்பவர் சட்டிச் செடியையே வாங்க வேண்டும் என்பேன்.

காரணம், கிடையாகப் படரும் அதன் மட்டநிலத்தண்டு. கூரிய கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலைகளாவது நிற்கும்படி அதை நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகிவிடும். சட்டிச் செடியில் தண்டு விரல் நீளத்துக்கு இருந்ததால் வாங்கிய அன்றே பிரிக்க முடிந்தது. கப்பிலிருந்த கன்றுகளிலோ நறுக்கும் அளவுக்குத் தண்டே இல்லை. இயல்பிலேயே மெதுவாக வளரும் செடி என்பதால் அவற்றுக்குப் பல மாதப் பொறுமை வேண்டும். நத்தையும் பாசியும் கூடவே வந்துவிடக் கூடாது என்று அஞ்சும் இறால் வளர்ப்போருக்கு மட்டும் கப் நல்ல தேர்வு.

சட்டியில் ஒரு தொல்லை உண்டு. வேர்களுக்கிடையே பின்னிக் கிடக்கும் ராக்வுல் என்ற கல்லிழைப் பஞ்சை முழுவதும் எடுக்க நேரம் பிடிக்கிறது. நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்க்கப்பட்ட செடியாக இருந்தால், தொட்டியில் இறங்கியதும் பழைய இலைகளில் சில கருகும். அதற்காக யாரும் செடியைத் தூக்கி எறிய வேண்டாம், தண்டு உறுதியாக இருந்தால் நீருக்கேற்ற புது இலைகள் வரும்.

பிரித்த துண்டுகளை மரக்கட்டையிலோ கல்லிலோ பருத்தி நூலால் கட்டலாம், அல்லது சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் ஒட்டலாம். மண்ணுக்குள் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். மங்கிய வெளிச்சமே போதும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தத் தேவையில்லை. தண்ணீர் 20 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது என்பதால், கடுங்கோடையில் பிரிப்பதைத் தவிர்க்கிறேன்.

முதிர்ந்த இலைகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அவற்றின் விளிம்பிலும் அடிப்புறத்திலும் வேரோடு குட்டிச் செடிகள் முளைப்பதே இந்தப் பெரணியின் பெரும் கொடை. இலையடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, வித்துக்கூட்டங்கள். சட்டிச் செடியில் இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே காண முடிந்தது.

கடையில் இலைகளின் அடர்த்தியைப் பார்த்து மயங்காமல், தண்டு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; கறுத்துக் குழைந்த தண்டுள்ள செடியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.